பிழை திருத்துகிறவன்

கம்ப்யூட்டர்காரர்கள் ஞாபகம் என்று சொல்வது, ஒரு சில்லில் வரிசை வரிசையாகத் தேக்கிவைத்த மின்னேற்றத்தை. தேக்கியது கசியும். ஆகவே சில்லு, பொதுவாக 64 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, தன்னிடம் உள்ளதைத் தானே படித்துத் திரும்ப எழுதிக்கொள்கிறது. இந்த ஓயாத பாராயணத்தையும் மீறி எங்கோ ஒரு 0, 1 ஆகிவிடுவதுண்டு. இன்டெல் நிறுவனத்தில் மேயும் வுட்ஸும் 1978இல் காட்டிய காரணம் விசித்திரமானது: சில்லைக் காக்க மூடியிருந்த பீங்கான் உறையில் அணுவளவாகக் கலந்திருந்த யுரேனியமும் தோரியமும் உமிழ்ந்த ஆல்ஃபா துகள்களே எழுத்தை மாற்றின. ஏட்டைச் சுற்றிய துணியிலேயே கரையான்.

பிழை வரும் என்பதில் சர்ச்சை இல்லை. திருத்துகிறவன் எந்த உரிமையில் திருத்துகிறான் என்பதுதான் என் பிரச்னை. அவனிடம் மூலம் கிடையாது. இருந்தால் திருத்தவேண்டிய அவசியமே இல்லை. கெட்டுப்போன பிரதி ஒன்றுதான் கையில். அதிலிருந்தே கெடாததை எப்படி அறிவது?

யந்திரம் இதற்குச் சொல்லும் பதிலின் ஒரு பாதி, தென்காசியில் ஏற்கெனவே கல்லில் இருக்கிறது. காசி விசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பாண்டியன் அங்கே பாடல்களும் வெட்டிவைத்தான். அவற்றில் ஒன்று பின்னால் வரப்போகிறவர்களுக்கானது. இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை நேர்ந்து, அதை நீக்கிக் காப்பவர் யாராக இருந்தாலும் சரி, உலகறிய அவர்களை வணங்கிவிட்டேன் என்கிறான். தன் வம்சத்தான் என்று கேட்கவில்லை. பாட்டு கட்டளைக் கலித்துறை. நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. கடைசி அடி நேரில் தொடங்குகிறது. அதில் மன்னன் பெயர். நாம் இன்று எழுதுகிறபடி 'பராக்கிரம' என்று எழுதி எண்ணிப் பாருங்கள், 17 ஆகிவிடும். 'பராக்ரம' என்றால்தான் கணக்கு நிற்கும். குறை நேர்ந்தால் நீக்கச் சொல்லும் பாட்டு, தனக்கே நேரும் குறையைக் காட்டிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் உள்ளே வைத்திருக்கிறது. (மன்னன் இதை யோசித்துச் செய்தான் என்று நான் சொல்லவில்லை. யாப்பு அவனுக்காக யோசித்தது.)

ஆனால் எண்ணிக்கை, பிழை உண்டு என்பதோடு நின்றுவிடும். இடத்தைச் சொல்லாது. எதுகை, இரண்டாம் எழுத்தைப் பொறுத்தமட்டில், இடத்தையும் சொல்லும். ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் சோதனைகள் வேண்டும்.

பெல் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஹாமிங் 1950இல் வெளியிட்ட முறையின் சாரமும் இதுதான். வாரக் கடைசியில் ஆளில்லாமல் ஓடிய ரிலே யந்திரம், பிழை கண்டதும் அவர் கணக்கைக் கைவிட்டு அடுத்தவர் கணக்குக்குப் போய்விடும். பிழை இருக்கிறது என்று அறியும் யந்திரத்துக்கு, எங்கே என்று ஏன் தெரியக் கூடாது? 4 பிட்டுக்கு 3 சாட்சி பிட் சேர்த்தார். மூன்று சாட்சியையும் சேர்த்து வாசித்தால் பிழையுள்ள இடத்தின் எண்ணே வந்துவிடும். 0, 1 தவிர வேறு எழுத்தில்லாத மொழியில் இடம் தெரிந்தால் திருத்தமும் தெரிந்தது.

இதில் ஒரு பயங்கரமும் உண்டு. இரண்டு பிட் கெட்டால் இதே முறை மூன்றாவதாக ஒரு நல்ல பிட்டைப் பிடித்து மாற்றிவிட்டு, எல்லாம் ஒழுங்கு என்று சொல்லும். கெட்டிருந்தது இரண்டு, திருத்தியபின் மூன்று. ஆகவே பெரிய யந்திரங்களில் 64 பிட்டுக்கு 8 சாட்சி வைக்கிறார்கள். ஒன்று கெட்டால் திருத்தும், திருத்தியதைப் பதிவேட்டில் குறிக்கும். இரண்டு கெட்டால் கை வைக்காது. என்னால் ஆகாது என்று அறிவிக்கும்.

தென்காசிக்குப் பக்கத்தில், குற்றாலத்தில் இருந்துகொண்டு கம்பனைத் திருத்தியவர் டி.கே.சி. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் பெரும்பகுதியை இடைச்செருகல் என்று ஒதுக்கினார். ஏற்றுக்கொண்டவற்றிலும் சொற்களை மாற்றினார். அவரைப் பரிகசிப்பது சுலபம். ஆனால் அவர் பக்கம் ஒரு வலுவான தர்க்கம் இருக்கிறது: யாப்பு தெரிந்தவன் செருகினால் யாப்புச் சோதனை அவனைப் பிடிக்காது. கள்ளப் பாட்டும் தளை தட்டாமல்தான் வரும். அப்போது வேறு சாட்சி வேண்டும். டி.கே.சி. தன் காதைச் சாட்சியாக நிறுத்தினார்.

அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. சாட்சி பிட் எழுதும்போதே எழுதப்படுவது. எழுதியவனின் கணக்கு அது. ருசி, வாசிக்கிறவன் பிற்பாடு கொண்டுவருவது. கம்பனும் சுமாரான பாட்டு எழுதியிருக்கலாம், அந்த உரிமை அவனுக்கு உண்டு. ருசியின் சோதனையில் கம்பனுடைய பலவீனமும் செருகியவனின் கைவரிசையும் ஒரே குற்றமாகிவிடுகின்றன.

அதே நெல்லைச் சீமையைச் சேர்ந்த வையாபுரிப் பிள்ளை வேறு ஜாதிப் பதிப்பாசிரியர். ஏடுகளை ஒப்புநோக்குவதும் பாடபேதங்களைக் குறிப்பதும் அவர் வழி. ரசிகர்களுக்கு அது வறட்டு வேலை. எனக்கு அந்த வறட்சியில்தான் நம்பிக்கை. முத்தொள்ளாயிரம் முழு நூலாக எஞ்சவில்லை, புறத்திரட்டு என்கிற தொகை நூறு சொச்சம் பாடல்களை எடுத்து வைத்திருந்ததால் அவ்வளவாவது மிஞ்சியது. புறத்திரட்டைப் பதிப்பித்தவர் வையாபுரிப் பிள்ளை. முத்தொள்ளாயிரத்தை ரசிக்கக் கற்றுக்கொடுத்தவர் டி.கே.சி.

தென்காசிக் கோபுரம் இடிபட்டு வெகுகாலம் மொட்டையாக நின்றது. 1990இல் புதிதாக எழுந்தது. அது பழைய கோபுரம் என்று யாரும் ஏமாறுவதில்லை. உலகறிய நடந்த திருத்தம். கம்பனை முதன்முதலில் டி.கே.சி. வழியாகக் கேட்பவனுக்கோ, எந்தச் சொல் குற்றாலத்தில் மாறியது என்று காது சொல்லாது. எனக்கே, ஏட்டுப் பாடத்தைத் தேடிப் படித்த பிறகும், சில இடங்களில் அவர் வைத்த சொல்தான் முதலில் வாய்க்கு வருகிறது.