நீ நிறுத்தினால் நானும் நிறுத்துகிறேன்

1962 செப்டம்பர் கடைசியில் வாஷிங்டன் போய் அதிபர் கென்னடியைச் சந்தித்தபோது ராஜாஜிக்கு 83 வயது. சேலத்தில் வக்கீலாகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்து, 1925இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துப் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவர், அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று கேட்கப் போயிருந்தார். காந்தி அமைதி நிறுவனத்தின் அந்தக் குழுவில் ஆர்.ஆர். திவாகரும் பி. சிவராவும் இருந்தார்கள். மோசமான காலம் அது. 1958 கடைசியிலிருந்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் சும்மா இருந்த இரு வல்லரசுகளும் 1961இல் மறுபடி தொடங்கியிருந்தன. அந்த அக்டோபரில் சோவியத் வெடித்த ஒரே குண்டின் வலு சுமார் 50 மெகாடன். எதிரி என்ன செய்கிறான் என்று பார்த்துக்கொண்டிராமல் ஒருவர் தாமாகவே முதலில் நிறுத்தலாம் என்பது ராஜாஜி பல ஆண்டுகளாக வாதாடிவந்த கட்சி. நல்ல மனசு, நடைமுறைக்கு உதவாது என்று அதைத் தள்ளிவிடுவது எளிது.

தள்ளுவதற்கு நம் மரபிலேயே ஆதாரம் கிடைக்கும். வள்ளுவர் இன்னாசெய்யாமையையும் கொல்லாமையையும் துறவறவியலில் வைத்தார். அரணையும் படையையும் பொருட்பாலில் வைத்தார். அடித்தவனைத் துறவி பொறுத்துக்கொள்ளலாம், வலி அவர் உடம்போடு போயிற்று. அரசன் பொறுத்தால் அடிபடுவது குடிகள். ஆகவே எதிரி ஆயுதம் ஏந்தி நிற்க, அரசன் மட்டும் கையைக் கட்டிக்கொள்வது அறமாகாது, கடமை தவறுவதாகும் என்பார்கள். லேசான வாதமல்ல. அது எதுவரை செல்லுபடியாகும் என்பதுதான் கேள்வி.

நிபந்தனை போடும் உரிமை நமக்கு எப்போது உண்டு? பேரம் பேசும் பொருள் நம்முடையதாக இருக்கும்போது. சுங்க வரி, எல்லையில் நிறுத்திய படை, வணிகச் சலுகை ஆகியவற்றில் 'நீ விட்டுக்கொடு, நானும் விட்டுக்கொடுக்கிறேன்' என்பதில் தவறே இல்லை. பள்ளிபாளையத்தில் போட்டிபோடும் இரண்டு சாயப்பட்டறைக்காரர்கள் ஒருவர் விலையைப் பார்த்து இன்னொருவர் விலை வைக்கலாம். ஆனால் ஆற்றில் கழிவை விடுவதை 'அவன் நிறுத்தட்டும், நானும் நிறுத்துகிறேன்' என்று காவிரியில் கீழே தண்ணீர் குடிப்பவனிடம் சொல்ல முடியுமா? அவனுக்கு இவர்கள் போட்டியில் பங்கே கிடையாது. வானத்தில் குண்டு வெடித்துப் பார்த்த நாடுகள் செய்தது இதைத்தான். அதிலிருந்து பிறக்கும் ஸ்ட்ரான்சியம்-90 பாதியாகக் குறையவே ஏறத்தாழ 29 ஆண்டுகள் ஆகும். மழையோடு இறங்கும், புல்லில் ஏறும், பாலில் கலக்கும், கால்சியம் போல நடித்துப் பிள்ளைகளின் எலும்பிலும் பல்லிலும் குடியேறும். சங்ககிரியில் மாடு மேய்ப்பவருக்கு வாஷிங்டனோடும் மாஸ்கோவோடும் என்ன வழக்கு? மூன்றாமவனுக்குச் செய்யும் தீங்கை நிறுத்த, எதிரியின் நடத்தையை நிபந்தனையாக வைக்க எந்த அரசனுக்கும் உரிமை இல்லை. இதற்குத் துறவியாக இருக்கத் தேவையில்லை.

ராஜாஜியும் வெறும் உபதேசியாக இருந்து இதைப் பேசவில்லை. மதராஸ் மாகாணப் பிரதமராக 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கைச் சேலம் ஜில்லாவில் மட்டும் கொண்டுவந்தார். நாமக்கல், தருமபுரி, ஓசூர் எல்லாம் அன்று அந்த ஜில்லாதான். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் கள்ளுக்கடைகள். பக்கத்து ஜில்லாக்காரர் மூடட்டும், மைசூர்க்காரர் மூடட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கலால் வருமானம் போன இடத்தை நிரப்ப 1939இல் விற்பனை வரி போட்டார். போர்க்காலத்தில் அந்த மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதலில் செய்பவன் ஜெயித்தே தீருவான் என்று உத்தரவாதம் ஏதுமில்லை. சில சமயம் ஜெயிக்கவும் செய்கிறான். 1963 ஜூன் 10 அன்று கென்னடி, மற்றவர்கள் செய்யாதவரை வானவெளிச் சோதனையை அமெரிக்கா தொடங்காது என்று ஒப்பந்தத்துக்கு முன்பே தாமாக அறிவித்தார். ஆகஸ்ட் 5இல் மாஸ்கோவில் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. நிலத்தடிச் சோதனைகள் தொடர்ந்தன. ஆனால் வானம் பெருமளவு தப்பியது. இதை ராஜாஜியின் கணக்கில் எழுத மாட்டேன், இடையில் கியூபா நெருக்கடி எல்லோரையும் உலுக்கியிருந்தது.

கடினமான ஆட்சேபம் உக்ரைன். 1994இல் புடாபெஸ்டில் உறுதிமொழி வாங்கிக்கொண்டு தன் மண்ணில் இருந்த சோவியத் அணு ஆயுதங்களை விட்டுக்கொடுத்தது. 2014இல் கிரிமியா ரஷ்யாவிடம் போயிற்று, 2022இல் ரஷ்யப் படையெடுப்பு வந்தது. இதற்கு நேர்பதில் என்னிடம் இல்லை. சோதனைக்கும் முதலில் குண்டு போடுவதற்கும் பொருந்தும் வாதம், ஆயுதம் வைத்திருப்பதற்கு அப்படியே பொருந்தாது. உறையில் கிடக்கும் குண்டு இன்னும் யாருக்கும் விஷம் வைக்கவில்லை. எல்லாவற்றையும் ஒருதலையாகக் கைவிடச் சொல்லும் இடத்தில் நான் ராஜாஜியோடு போக முடியாது. ஆனாலும் உறைக்குள் இருக்கும் என்ற நம்பிக்கையை மகாபாரதம் அசைத்துப் பார்க்கிறது. பதினெட்டு நாள் போர் முடிந்தபின் அசுவத்தாமன் அஸ்திரத்தை விட, அர்ச்சுனனும் பதிலுக்கு விட, நாரதரும் வியாசரும் நடுவில் வந்து நிற்கிறார்கள். அர்ச்சுனன் முதலில் திரும்ப அழைத்துக்கொள்கிறான். அசுவத்தாமனுக்கு விடத் தெரியும், திருப்ப முடியாது. புலனடக்கம் உள்ளவனுக்கே அது வசப்படும். அந்த அஸ்திரம் போர்க்களத்தில் யாரையும் தேடவில்லை, அர்ச்சுனனின் மருமகள் உத்தரையின் வயிற்றுக் கருவைத் தேடிப் போனது. எதிரிதான் திருப்ப முடியாதவன், நம்மால் முடியும் என்றுதான் ஒவ்வொரு தலைநகரிலும் நினைக்கிறார்கள்.

1998 மே 11, 13 தேதிகளில் பொக்ரானில் இந்தியாவும், அதே மாதம் 28, 30இல் பாகிஸ்தானும் அணுகுண்டு வெடித்துப் பார்த்தன. அதன்பின் இந்தியா இனிச் சோதனை இல்லை என்று தானாக அறிவித்தது. முதலில் பயன்படுத்த மாட்டோம் என்ற கொள்கையை 2003 ஜனவரியில் வெளியிட்டது. ரசாயன, உயிரியல் தாக்குதலுக்கு அதில் விலக்கு வைத்திருந்தாலும், பாகிஸ்தான் அதே வாக்கைத் தராமலே நாம் தந்தது அது; பொக்ரான் வெடிப்பை விடப் பெரிய காரியம் என்பேன். 2019 ஆகஸ்டில் அதே பொக்ரானில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், எதிர்காலத்தில் என்ன என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்றார். பாகிஸ்தான் வாக்குத் தராதபோது நமக்கு மட்டும் எதற்கு என்று கேட்பவர்கள் அதைக் கைதட்டி வரவேற்கக்கூடும். வாக்குத் தராதது இஸ்லாமாபாத்தின் அரசு. முதல் குண்டு விழுந்தால் சாகிறவர்களில் லாகூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருப்பார்கள், காற்று கிழக்கே திரும்பினால் அமிர்தசரஸ் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்கள் யாரும் நமக்கு எந்த வாக்கும் தர வேண்டியவர்கள் அல்லர்.