மூடிய கதவு

ஸோவியத் நாட்டைத் தூரத்திலிருந்து கவனித்தவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. லெனின் சமாதியின் மேடையில் யாருக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று புகைப்படத்தில் பார்ப்பார்கள். அதைக் கொண்டு யார் கை ஓங்கியிருக்கிறது என்று ஊகிப்பார்கள். கேலி செய்வது சுலபம். உள்ளே இருந்தவனுக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்ததா?

1953 மார்ச் 1-ஆம் தேதி ஸ்டாலின் பகல் முழுவதும் அறையை விட்டு வெளியே வரவில்லை. அவர் கூப்பிடாமல் உள்ளே போகக் காவலர்களில் ஒருவருக்கும் துணிவில்லை. மாலையில் அறையில் விளக்கு எரிந்ததாம். 'எழுந்துவிட்டார்' என்று ஆறுதல் அடைந்தார்களாம். இரவு வெகுநேரம் கழித்து, வந்த தபாலைச் சாக்காக வைத்துக்கொண்டு ஒருவர் நுழைந்தார். ஸ்டாலின் பேச்சற்றுத் தரையில் கிடந்தார். காவலர்கள் பின்னாளில் சொன்ன விவரம் இது. 5-ஆம் தேதி அவர் இறந்தார்.

விளக்கைப் பார்த்து ஊகித்தவர்களுக்கும் புகைப்படத்தைப் பார்த்து ஊகித்தவர்களுக்கும் என்ன வித்தியாசம்? சில ஆயிரம் மைல்கள்தான்.

கதை எழுதுகிற நான் ஒரே வாக்கியத்தில் அந்த அறைக்குள் புகுந்து, அவருடைய கடைசி நினைவைச் சொல்லிவிட முடியும். நீங்களும் நம்பிவிடுவீர்கள். அதனால்தான் தயக்கமாக இருக்கிறது. தரையில் கிடந்த மனிதர் என்ன நினைத்தார் என்பது யாருக்கும் தெரியாது. வாசலில் நின்றவர்கள் ஏன் உள்ளே போகவில்லை என்பது தெரியும். அதற்கு அவர் மனத்தைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை.