தோலில் தீட்டு உண்டோ?

தோலைத் தொடுகிறவன் தாழ்ந்தவன் என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல். அத்தாழ்வு தோலில் இருக்கின்றதா, தொழிலில் இருக்கின்றதா, அன்றிச் சொல்லுகின்றவன் நெஞ்சில் இருக்கின்றதா? அன்பர்களே, இதனை ஆராயச் சற்றே கடல் கடந்து, ஐரோப்பாவின் இடைக்கால மடங்களுக்குச் சென்று வருவோம்.

அச்சு தோன்றுமுன் அங்கே மறைநூல்கள் யாவும் கையால் எழுதப்பட்டன. எதன்மீது? பெரும்பாலும் கன்றின் தோலிலும் ஆட்டின் தோலிலும். உரித்த தோலைச் சுண்ணாம்பு நீரில் பல நாள் ஊறவைப்பர். பின்பு கட்டைமேல் விரித்து மயிரை வழிப்பர். வழித்த தோலை மரச்சட்டத்தில் கயிறுகளால் இழுத்துக் கட்டிப் பிறை வடிவான கத்தியால் சீவுவர், காயக் காயக் கயிற்றை முறுக்குவர், மீண்டும் சீவுவர். செருப்புத் தோலுக்குப் போல இதற்கு மரப்பட்டைச் சாறு ஊட்டுவதில்லை. பஞ்சாலையில் நூலோடு போராடிய எனக்கு இவ்வேலையின் அருமை நன்கு விளங்குகின்றது. தளர்ந்தால் சுருங்கும், மிகுந்தால் கிழியும்.

இவ்வேட்டின்மேல்தான் வாத்தின் இறகால், மாசிக்காயும் அன்னபேதியும் கலந்த மையைத் தொட்டு மறையை எழுதினார்கள். பொன் இலை ஒட்டி அதனை நாய்ப்பல்லால் தேய்த்து மெருகேற்றியதும் உண்டு. இறந்த கன்றின் தோலும் நாயின் பல்லும் பட்ட நூல் பூசைப் பீடத்தின்மேல் ஏறிற்று. தீட்டு என்று ஒருவரும் ஓடவில்லை!

இங்கிலாந்தின் வேர்மவுத்–ஜாரோ மடத்தில் 716க்கு முன் எழுதி முடிக்கப்பெற்ற ஒரு விவிலியம் இன்று இத்தாலியில், பிளாரன்ஸ் நகரத்து நூலகத்தில் இருக்கின்றது. அதில் 1,030 ஏடுகள். ஒரு தோலுக்கு இரண்டு ஏடு என்று கொண்டால் ஐந்நூறுக்கு மேற்பட்ட உயிர்கள். கொல்லாமையை முதற்சீலமாக ஏற்ற நாம் இதனை எளிதில் கடந்து செல்ல இயலாது. நூலின் அழகு அக்கன்றுகளுக்கு விடையாகாது. ஆயினும், கொலை குற்றமெனில் அக்குற்றம் கொல்லச் சொன்னவர், கொன்றவர், ஊனை உண்டவர், ஏட்டைப் படித்தவர் அனைவர்மீதும் பங்காக விழ வேண்டும். தோலைப் பக்குவம் செய்தவன் ஒருவன் தலையில் மட்டும், அதுவும் அவன் பிள்ளை பேரன் வரைக்கும் விழுவது எந்த நீதி?

ஐரோப்பாவும் மாசற்றதன்று. செத்த மாட்டை உரித்தோரை ஒதுக்கிவைத்த ஊர்கள் பிற்காலத்து ஜெர்மானிய நாடுகளில் இருந்தன. இன்று லண்டனில் உள்ள லிண்டிஸ்பார்ன் சுவிசேஷ நூலில், 10ஆம் நூற்றாண்டில் ஆல்ட்ரெட் என்னும் குரு ஒரு குறிப்பைச் சேர்த்தார். எழுதியவர் எட்பிரித்; கட்டடம் செய்தவர் எதில்வால்ட்; மேலட்டையில் பொன்னும் மணியும் பதித்தவர் பில்பிரித்; ஆங்கிலத்தில் சொற்பொருள் எழுதியவர் தாம். நால்வர் பெயரும் உண்டு. தோலைச் சீவியவன் பெயர் இல்லை.

ஆனால், 1255இல் ஹாம்பர்க் நகரில் உருவான ஒரு விவிலியம் கோப்பன்ஹேகன் அரச நூலகத்தில் இருக்கின்றது. அதன் தலையெழுத்து ஒன்றினுள் (நம்மவர் நம்மீது சுமத்திய தலையெழுத்து அன்று, வண்ணம் தீட்டிய முதலெழுத்து) ஒரு சித்திரம். தோலேடு செய்பவன் தான் செய்த ஏட்டைத் துறவி ஒருவரிடம் காட்டுகின்றான். துறவி அதைக் கூர்ந்து பார்க்கின்றார். விலை பேசுகின்றார்கள் போலும்.