சொத்தோடு வரும் வில்லங்கம்

தந்தை பட்ட கடனுக்கு மகனைப் பிடிக்கலாமா? பிடிக்கலாம் என்றது பழைய இந்து சட்டம். தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் அறக்கடமை என்று அது கருதியது. அந்தச் சட்டத்திலும் ஒரு விலக்கு இருந்தது: சூதிலும் குடியிலும் பட்ட கடன் மகனைச் சேராது. 2005இல் வந்த வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், அதற்குப் பின் வாங்கப்படும் கடனுக்காக, மகன் என்ற ஒரே காரணத்தால் ஒருவரைப் பிடிக்கும் வழியை அடைத்துவிட்டது. ஆனால் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து கடனை வசூலிக்கும் உரிமை கடன் கொடுத்தவருக்கு இன்றும் உண்டு. ஆளை விட்டுவிட்டுச் சொத்தைத் தொடர்கிறது கடன்.

முன்னோர் செய்த தீங்குக்கு இன்றிருப்பவர் பொறுப்பா என்ற கேள்விக்கும் இந்த வேறுபாடே வழிகாட்டுகிறது.

முதலில் குற்றத்தைப் பார்ப்போம். செய்யவும் செய்யாமல் விடவும் முடிந்தவனுக்கே குற்றம் உண்டு. பிறக்கும் முன்பே நடந்து முடிந்ததை யாரும் தடுத்திருக்க முடியாது. பிறப்பை வைத்துக் குற்றம் சாட்டினால் என்ன ஆகும் என்பதைத் தமிழகம் பட்டே அறிந்திருக்கிறது. 1871இல் ஆங்கில அரசு இயற்றிய குற்றப்பரம்பரைச் சட்டம் சில சமூகங்களில் பிறந்த அனைவரையும் குற்றவாளிகளாகப் பார்த்தது. அச்சட்டப்படி கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் கிராம மக்கள்மீது 1920இல் துப்பாக்கிச் சூடு நடந்தது. ரத்தத்தில் குற்றம் ஓடுகிறது என்ற எண்ணம் கொடியது. அது யார்மீது ஏவப்பட்டாலும் கொடியதே.

குற்றம், அதைச் செய்தவனோடு போய்விடும். அதனால் கிடைத்த ஆதாயம் போவதில்லை. பிரிட்டன் 1833இல் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியபோது, உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. 2,500க்கு மேற்பட்ட அடிமைகளுக்காக ஜான் கிளாட்ஸ்டன் என்ற தோட்ட முதலாளி மட்டும் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் பெற்றார். பின்னர் 1838இல் கயானாவிலிருந்த தம் தோட்டங்களுக்குக் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலில் வரவழைத்தவரும் அவரே. 2023 ஆகஸ்டில் அவருடைய வழித்தோன்றல்கள் கயானாவுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டார்கள்.

அவர்கள் கேட்டிருக்க வேண்டுமா? சாட்டையை எடுத்தவர்கள் அவர்கள் இல்லையே என்று கேட்கலாம். அதே பிரிட்டனின் கணக்கேடு இதற்குப் பதில் சொல்கிறது. அந்த இழப்பீட்டுக்காக அரசு வாங்கிய கடனின் கடைசிப் பாக்கி 2015இல்தான் தீர்ந்தது. ஏறத்தாழ 180 ஆண்டுகளாக அந்தக் கடன் மக்களின் வரிப்பணத்திலிருந்து கட்டப்பட்டது. அந்த அடிமைகளின் வழிவந்து பிரிட்டனில் குடியேறியவர்களின் வரியும் அதில் சேர்ந்தது. 'நாங்கள் வாங்காத கடன்' என்று எந்த அரசும் அதைத் தள்ளிவிடவில்லை. முதலாளிகளுக்குப் பட்ட கடன் ஆறேழு தலைமுறை செல்லுமானால், உழைத்தவர்களுக்குப் பட்ட கடனை மட்டும் பழங்கதை என்று தள்ளுவது நியாயமாகாது.

எவ்வளவு தூரம் பின்னே போவது என்பது அடுத்த கேள்வி. சோழர் காலத்துப் போர்களுக்கு இன்று யாரும் கணக்குத் தீர்க்க முடியாது. எடுத்தவரின் கையில் ஆதாயமும் இழந்தவரின் வீட்டில் வறுமையும் இன்றுவரை தொடர்வது கண்ணுக்குத் தெரியும் இடம்வரை போகலாம். அத்தகைய இடம் நம் ஊர்களிலேயே இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் தந்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு நிலம் ஒதுக்கியது. பத்தாண்டுவரை விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. பஞ்சமி நிலங்கள் எனப்படும் அந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று பிறர் கையில் இருக்கிறது.

அப்படி ஒரு நிலத்தில் உழுதுகொண்டிருப்பவரின் பேரில் பட்டா இருக்கலாம். வாங்கியவர் அவருடைய தாத்தாவாக இருக்கலாம். அந்த நிலத்தின் வரலாறு அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். தெரியாதவரை அவர்மேல் குற்றம் இல்லை. தெரிந்த பிறகும் கைவிடாமல் இருந்தால் அது தாத்தாவின் செயலாக இராது; அவருடைய சொந்தச் செயலாகிவிடும். முன்னோரின் தீங்கு இப்படித்தான் நம்முடையதாகிறது.

முன்னோருக்காக யாரும் தலைகுனிந்து வாழ வேண்டியதில்லை. ஒரு சென்ட் நிலம் வாங்குவதற்கே வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். இலவசமாகக் கைக்கு வந்த பரம்பரைச் சொத்துக்கும் பெருமைக்கும் அதே சோதனையை ஒருமுறை செய்துபார்ப்போம். பிறர் பங்கு அதில் கலந்திருந்தால், நம் கையில் இருக்கும் அளவுக்கேனும் அதைத் திருப்பித் தருவோம்.