வேண்டுமென்று செய்யாத தீங்கு

பள்ளியில் பணியாற்றிய நாள்களில் நாம் அடிக்கடி கேட்ட சொல் ஒன்றுண்டு. பக்கத்திலிருப்பவன் நோட்டில் மையைக் கொட்டிவிட்ட சிறுவன், "வேண்டுமென்று செய்யவில்லை, டீச்சர்" என்பான். பெரும்பாலும் அது உண்மையே. ஆயினும், அவ்வுண்மையால் மைக்கறை மறைவதில்லை. தீய எண்ணமின்றி விளைந்த தீங்கிற்குப் பொறுப்பு உண்டா?

இவ்வினாவை ஒரு சிறு தீவு உலகின்முன் எழுப்பியது. கரிபியன் கடலில், புவேர்ட்டோ ரிக்கோவிற்குக் கிழக்கே உள்ளது வியேக்கஸ். 1941 முதல் அமெரிக்கக் கடற்படை அத்தீவின் பெரும்பகுதியைக் கையகப்படுத்தியது. கரும்புத் தோட்டங்களில் உழைத்த குடும்பங்கள் வீடிழந்து தீவின் நடுப்பகுதியில் ஒடுங்கின. கிழக்குப் பகுதி குண்டு வீசிப் பழகும் களமாயிற்று. அங்கே பகைவர் இல்லை, போர் இல்லை, எல்லாம் பயிற்சியே.

1999 ஏப்ரல் 19 அன்று இலக்குத் தவறிய குண்டுகளால் டேவிட் சானெஸ் என்னும் காவலாளி உயிரிழந்தார். அவர் அத்தீவினர், அக்களத்திலேயே பணிபுரிந்தவர். அவரைக் கொல்ல எவரும் எண்ணவில்லை.

அஹிம்சையை ஆய்ந்த நம் முன்னோர், எண்ணத்தோடு விழிப்பையும் எடைபோட்டனர். விழிப்போடு நடந்தும் நேர்ந்துவிடும் தீங்கு வேறு; விழிப்பின்றி விளைவிக்கும் தீங்கு வேறு. மக்கள் வாழும் தீவென்று அறிந்தே பல்லாண்டுகள் குண்டு வீசியதை எவ்வகையில் சேர்ப்பது?

தீவினர் ஆயுதம் ஏந்தவில்லை. 1970களின் இறுதியிலேயே மீனவர்கள் சிறு படகுகளில் சென்று போர்க்கப்பல்களை மறித்தனர். 1999க்குப் பின் மக்கள் குண்டு விழும் நிலத்திலேயே குடில் அமைத்து ஓராண்டு தங்கினர். 2000 மே மாதம் அகற்றப்பட்ட பின்னரும் மீண்டும் மீண்டும் உட்புகுந்து சிறை சென்றனர். 2003 மே 1 அன்று பயிற்சி முடிவுற்றது.

கறையோ முடிவுறவில்லை. வெடிக்காத குண்டுகள் மண்ணிலும் கடலடியிலும் கிடந்தன. 2005இல் அமெரிக்க அரசே இவ்விடத்தை, நச்சுக் கழிவு அகற்றப்பட வேண்டிய முதன்மை இடங்களின் பட்டியலில் சேர்த்தது. இருபது ஆண்டுகள் கடந்தும் அப்பணி நிறைவுறவில்லை. தீவில் புற்றுநோய் மிகுதி என்று புவேர்ட்டோ ரிக்கோவின் சுகாதாரப் பதிவுகள் காட்டின. குண்டு வீச்சே அதற்குக் காரணம் என்பதற்குப் போதிய சான்றில்லை என்றது கூட்டாட்சி அரசின் ஆய்வு அமைப்பு. நச்சினால்தான் நோய் வந்தது என்று நிறுவும் சுமை நோயுற்றோர் தலையிலேயே ஏறியது.

நோட்டுப் பாழான குழந்தையிடம், "இது மைதான் என்று நீயே நிறுவு" என நாம் கேட்டதில்லை. கொட்டியவனைக் கடிந்ததும் இல்லை. "உன்னைத் தீயவன் என்று யார் சொன்னார்? துணி எடுத்து வந்து துடை" என்போம். துடைத்து முடிக்கும்வரை அவன் விளையாடப் போகலாகாது.

அன்பர்களே, தீய எண்ணம் இல்லாமை பழியைக் குறைக்கலாம், கடமையைக் குறைக்காது. விலகிச் செல்வது தீங்கை நிறுத்துவது மட்டுமே. துடைத்துச் செல்வதே அறம். பேரரசுக்கும் வகுப்பறைச் சிறுவனுக்கும் இதில் வேறுபாடு இல்லை. நம் கையால், நாம் அறியாமல், பிறர் நோட்டில் விழுந்த மைத்துளிகள் எத்தனை என்று நாமும் எண்ணிப் பார்ப்போமாக.