கள்ளநோட்டு கைக்கு வந்தால்

ஜேர்மனியில் எம்மவர் பலர் கடைகளிலும் உணவகங்களிலும் நாள்தோறும் காசு வாங்கி மிச்சம் கொடுக்கும் வேலை செய்கிறார்கள். நல்ல தாளை அறிவதற்கு இந்நாட்டு மத்திய வங்கியான புண்டஸ்பாங்க் மூன்று வழிகளைச் சொல்கிறது: தொட்டுப் பாருங்கள், உற்றுப் பாருங்கள், சாய்த்துப் பாருங்கள்.

யூரோத் தாள் பருத்தி நாரினால் ஆனது. தொட்டால் மொறமொறப்பாக இருக்கும். ஓரத்துக் கோடுகள் விரலுக்குத் தட்டுப்படும். 2013 முதல் வெளிவந்த இரண்டாவது வரிசைத் தாள்களை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால், கிரேக்கப் புராணத்தில் வரும் ஐரோப்பா என்ற பெண்ணின் முகம் தெரியும். சாய்த்தால், முன்பக்கத்தின் கீழே பச்சையாக உள்ள இலக்கம் கருநீலமாக மாறும். ஒரே ஒரு அடையாளத்தை மட்டும் நம்பாமல் பலவற்றையும் பார்ப்பது நல்லது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் அவசரத்தில் ஒருவர் ஏமாந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் இருக்கும் 50 யூரோத் தாள் கள்ளம். வங்கியில் கொடுத்தால் பறிமுதல் செய்வார்கள். பதிலுக்கு ஒரு சதமும் கிடைக்காது. குறைந்தபட்சச் சம்பளத்தில் வேலை செய்பவருக்கு அது ஏறத்தாழ நான்கு மணி நேர உழைப்பு. "நான் அச்சடிக்கவில்லையே, என்னையும் ஒருவன் ஏமாற்றினான்தானே, அடுத்த கடையில் மாற்றினால் என்ன?" என்று மனம் கேட்கும். அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. குற்றமற்றவர் நட்டப்படுவது கொடுமைதான்.

ஆனால் தாளை மாற்றிவிட்டால் நட்டம் அழிவதில்லை, ஆள்தான் மாறுகிறார். கடையில் காசு வாங்கும் பெண்ணும் எங்களைப் போலக் கூலிக்கு உழைப்பவளாக இருக்கலாம். நேற்று அறியாமல் கொடுத்திருந்தால் அதில் குற்றமில்லை. இன்று அறிந்து கொடுத்தால் அது வஞ்சகம். தாளும் அதேதான், கையும் அதேதான். நடுவில் வந்தது அறிவு ஒன்றுதான். ஜேர்மன் தண்டனைச் சட்டத்தின் 147ஆம் பிரிவும் இதையே சொல்கிறது: நல்ல தாளென்று நம்பி வாங்கியவரும், கள்ளமென்று அறிந்தபின் அதைப் புழக்கத்தில் விட்டால் தண்டப்பணமோ ஐந்து வருடம் வரை சிறையோ கிடைக்கலாம்.

"அப்படியானால் கோயில் உண்டியலில் போட்டுவிடலாமே" என்று சிலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எமக்கு உதவாததைக் கொடுப்பது காணிக்கையாகுமா? அந்தத் தாளும் வங்கிக்குத்தான் போகும். நட்டம் அடியார் எல்லோருக்கும்.

ஆகவே அப்படியொரு தாள் கிடைத்தால் அதிகம் தொடாமல் ஒரு உறையில் இட்டு, யாரிடம், எப்போது வாங்கினோம் என்பதை எழுதிவைத்துப் பொலிசிடம் ஒப்படையுங்கள். 50 யூரோ போகும். ஆனால் அந்தப் பொய் எங்களோடு நின்றுவிடும். பிள்ளைகளுக்கு நேர்மையைப் பற்றி எவ்வளவோ சொல்கிறோம். அவர்கள் பார்த்துக் கற்பது இப்படியான வேளைகளில்தான்.