இரண்டாவது தலை

சாயங்கால நேரம், பாலத்துக்கு அடியில் போக்குவரத்து போலீஸ் நிற்கிறது. ஓட்டி வந்தவர் ஹெல்மெட் போட்டு, தாடைக்குக் கீழே வாரையும் மாட்டியிருக்கிறார். பின்னால் மனைவி. தலையில் இரண்டு முழம் மல்லிகை, மடியில் காய்கறிப் பை. கையடக்க மெஷின் ஆயிரம் ரூபாய்க்கு ரசீதைத் துப்புகிறது. வண்டி நூறடி நகர்ந்ததும் அவர் திரும்பாமலே சொல்கிறார்: "உன்னால ஆயிரம் ரூபா போச்சு." பின்னாலிருந்து பதில் வருகிறது: "ஏங்க, வீட்ல எனக்குன்னு ஒரு ஹெல்மெட் இருக்கா?"

இரண்டு பேரும் பேசுவது ஆயிரம் ரூபாயைப் பற்றி. ஆனால் அடியில் கிடக்கும் கேள்வி வேறு. பின்னால் உட்காரும் தலை யார் பொறுப்பு?

இந்தியச் சட்டம் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஓட்டுபவர் மட்டுமல்ல, வண்டியில் ஏற்றிச் செல்லப்படுபவரும் நான்கு வயதுக்கு மேற்பட்டவரானால் தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது. மீறினால் யாரைப் பிடிப்பது என்பதை 194டி பிரிவு சொல்கிறது: ஓட்டியவரை, அல்லது அப்படி ஓட்ட விட்டவரை. ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு மூன்று மாதம் லைசென்ஸுக்கும் ஆபத்து. பூ வைத்த தலைக்கான தண்டனை முன்னால் இருந்த தலைக்கு.

பிரிட்டன் நேர் எதிர். அங்கே 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, ஹெல்மெட் இல்லாமல் பின்னால் உட்கார்ந்தவர்தான் குற்றவாளி. ஓட்டியவரை அதில் இழுக்க முடியாது. உட்கார்ந்தவர் பதினாறு வயதுக்குட்பட்டவராக இருந்தால்தான் பொறுப்பு அடுத்தவர்மேலும் விழும். விவரம் தெரிந்த ஆளின் தலைக்கு அந்த ஆளே பொறுப்பு என்பது அந்தச் சட்டத்தின் எண்ணம். கேட்க மரியாதையாகத்தான் இருக்கிறது. இந்தியச் சட்டம் ஓட்டுபவரைப் பிடிப்பதற்கு, லைசென்ஸ் அவரிடம் இருக்கிறது, பிடிக்க வசதி என்ற சாதாரணக் காரணம்கூட இருக்கலாம். ஆனாலும் உண்மைக்குக் கிட்டே நிற்பது இந்தியச் சட்டம்தான் என்று தோன்றுகிறது.

காரணம், ஒரே வண்டியில் போகும் இருவரும் ஒரே ஆபத்தில் போவதாகத் தோன்றினாலும் ஒரே நிலையில் போவதில்லை. முன்னால் இருப்பவருக்குப் பள்ளம் தெரிகிறது. பின்னால் இருப்பவருக்கு முன்னால் இருப்பவரின் முதுகு தெரிகிறது. பிரேக்கைத் தொடும் முன்பே ஓட்டுபவரின் உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்கிறது. கைக்கு ஹேண்டில்பார் இருக்கிறது, முழங்காலுக்கு டேங்க் இருக்கிறது. பின்னால் இருப்பவருக்கு வேகத்தடை என்பது முதுகெலும்பில் வந்து இடிக்கும் செய்தி. அதிலும் சேலை கட்டி ஒருபக்கமாக உட்கார்ந்தவர் என்றால் இரண்டு காலும் இடப்பக்கம், ஒரு கை கம்பியில், இன்னொரு கை பையிலோ பிள்ளையிலோ. வெள்ளையடிக்காத வேகத்தடை ஒன்றில் வண்டி துள்ளினால் ஓட்டியவர் இருக்கையிலேயே இருப்பார், பின்னால் இருந்தவர் ரோட்டில் கிடப்பார்.

வேகம், வழி, இடைவெளி, லாரியை இடப்பக்கமாக முந்துவதா வேண்டாமா என்ற முடிவு, எல்லாம் ஒருவர் கையில். இன்னொருவர் ஏறி உட்கார்ந்த கணத்தோடு அவருடைய முடிவுகள் முடிந்துவிட்டன. தெரிந்தவர், தீர்மானிப்பவர், தயாராக இருப்பவர் ஒருபக்கம். தெரியாதவர், ஒப்படைத்தவர் மறுபக்கம். இப்படிப்பட்ட இடத்தில், அவரவர் தலை அவரவர் பாடு என்பது மரியாதைபோலத் தெரிந்தாலும் கை கழுவல்தான்.

கணக்கும் சின்னதல்ல. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் ஓட்டியவர்கள் அல்ல, உடன் போனவர்கள்.

"மெதுவாத்தானே போறோம்" என்பது வீட்டு வாசலில் தினமும் கேட்கும் வாதம். நின்றுகொண்டிருக்கும் வண்டியிலிருந்து ஒருவர் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாலே, ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த உயரத்திலிருந்து வரும் தலை தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 19 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். 40 கிலோமீட்டரில் போய் மின்கம்பத்தில் மோதினால் அது ஆறு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மாடி வீட்டு மொட்டை மாடியிலிருந்து, தலைகீழாக விழுவதற்குச் சமம். ஹெல்மெட்டின் உள்ளே துணிக்கும் பஞ்சுக்கும் பின்னால் இருப்பது டிவி பெட்டியில் அடைத்து வரும் தெர்மகோலின் உறவுக்காரப் பொருள். அது நசுங்குகிறது. நசுங்குவதற்கு எடுத்துக்கொள்ளும் அந்த மில்லி நொடிகள்தான் மூளைக்குக் கிடைக்கும் அவகாசம். ஒருமுறை நசுங்கியது திரும்ப எழும்பாது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, ஹெல்மெட்டால் மரண அபாயம் சுமார் 42 சதவீதமும் தலைக்காய அபாயம் 69 சதவீதமும் குறைவதாகக் கண்டது. தெர்மகோல் செய்யும் வேலைக்கு அது பெரிய எண்.

சரி, வீட்டில் ஒரு ஹெல்மெட்தான் இருக்கிறது, தலைகள் இரண்டு. யார் போடுவது? பெரும்பாலான வீடுகளில் இதைக் கேள்வியாக யாரும் நினைப்பதே இல்லை. ஓட்டுபவர் போடுகிறார், ஏனென்றால் போலீஸ் முதலில் பார்ப்பது அவரைத்தான். கூச்சமுள்ள சிலர் கழற்றிப் பின்னால் கொடுத்துவிடுகிறார்கள். அன்பான காரியம். ஆனால் கண்ணில் ஒரு பூச்சி அடித்தால் விழுவது இரண்டு பேரும். ஓட்டுபவரின் கண்ணும் தலையும் காக்கப்படுவது பின்னால் இருப்பவருக்கும் சேர்த்துத்தான். ஆகவே அவர் போட்டுக்கொள்வது தன்னளவில் சுயநலம் அல்ல. போட்டுக்கொண்டு, வெறுந்தலை ஒன்றையும் ஏற்றிக்கொள்வதில்தான் இடறுகிறது. ஆபத்து உண்டு என்று நம்புவதால்தானே அவர் போட்டிருக்கிறார்? நம்பாதவர் இரண்டு தலையையும் வெறுமனே கொண்டுபோனால் அது அறியாமை. நம்புகிறவர் தன் தலையை மட்டும் மூடுவதற்கு அந்தச் சமாதானம் கிடையாது. ஒரு ஹெல்மெட் என்றால் அன்றைக்கு ஒரு ஆள்தான் வண்டியில் போக முடியும்.

இதுவரை எளிது. உட்காருபவரே வேண்டாம் என்றால்? "பூ கசங்கிடும்", "தலை வேர்க்குது", "அடுத்த தெருதான". இவை அற்பக் காரணங்கள் என்று முன்னிருக்கையில் இருந்துகொண்டு சொல்வது சுலபம். மே மாத வெயிலில் ஈரத் தலைமுடிக்கு மேல் முழுமுக ஹெல்மெட்டை மாட்டிப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை உண்டுதான். ஆனால் அந்த உரிமை, அதற்குக் கருவியாக இருக்கும்படி இன்னொருவரைக் கேட்கும் இடத்தில் நின்றுவிடுகிறது. "நீ போடாவிட்டால் நான் ஓட்டமாட்டேன்" என்பது அவர் தலையில் எதையும் திணிப்பதில்லை. தன் கையைத்தான் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு வீடுகளில் வண்டிச்சாவி பெரும்பாலும் ஆண் கையில் இருக்கிறது. கோயிலுக்கோ அம்மா வீட்டுக்கோ போக அவரை நம்பியிருக்கும் ஒருத்தியிடம் "ஹெல்மெட் போட்டாத்தான் கூட்டிட்டுப் போவேன்" என்பது அக்கறையாகவும் இருக்கலாம், இன்னொரு அதிகாரமாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க வழி உண்டு. அவளுக்கென்று அளவான ஹெல்மெட்டை வாங்கி வைத்திருக்கிறாரா? தன் நண்பன் ஏறும்போதும் அதே நிபந்தனை உண்டா? அவள் "இவ்வளவு வேகம்னா நான் இறங்கிக்கிறேன்" என்றால் ஆக்ஸிலரேட்டர் தணிகிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் அவர் காப்பது அவள் தலையை அல்ல.

குழந்தைகள் விஷயத்தில் இந்த நுணுக்கமெல்லாம் தேவையில்லை. சம்மதம் என்ற பேச்சே அங்கு எழாது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளையை ஏற்றினால் ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்பு வார், பிள்ளைக்கேற்ற ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம் என்று 2022 பிப்ரவரியில் மத்திய அரசு விதி வெளியிட்டு, ஓராண்டு அவகாசமும் கொடுத்தது. அந்த வாரைக் கட்டிய குழந்தையைச் சாலையில் பார்ப்பது இன்னும் அபூர்வம். டேங்க்மேல் உட்கார்ந்து காற்று வாங்கும் குழந்தைதான் வழக்கமான காட்சி.

இதன் இன்னொரு முனை ஏழ்மை. ஓட்டுபவரைத் தவிர ஒருவர்தான் ஏறலாம் என்கிறது 128ஆம் பிரிவு. கணவன், மனைவி, ஒரு பிள்ளை என்றாலே சட்டம் மீறப்பட்டுவிட்டது. 2023இல் கேரளத்தில் கேமரா வைத்து அபராதம் போடத் தொடங்கியபோது, பெற்றோரோடு ஒரு சிறு பிள்ளையை மட்டுமாவது விட்டுவிடுங்கள் என்று அம்மாநிலம் மத்திய அரசைக் கேட்டது. அனுமதி கிடைக்கவில்லை. மறுத்தது சரி என்றே படுகிறது, சாலைக்கு வறுமை தெரியாது. ஆனால் மூன்றாவது ஆளை இறங்கச் சொல்லும் அரசு, இறங்கியவருக்கு ஒரு பஸ்ஸையும் காட்ட வேண்டும்.

ராத்திரி ஒன்பதரை மணிக்குக் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு ஊர் விலக்கில் கைகாட்டும் பெரியவர் விஷயத்தில் என்ன செய்வது? இரண்டாவது ஹெல்மெட் இல்லை. "ஐயா, ஹெல்மெட் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போவது விதிப்படி சரி. அவரை அந்த இருட்டில் விட்டுவிட்டுப் போவது எப்படிச் சரியாகும்? இங்கே ஏற்றிக்கொள்வதே மேல். முப்பதைத் தாண்டாமல், ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் "கெட்டியாப் புடிச்சுக்குங்கய்யா" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு. அபராதம் போட்டால் கட்டிவிட வேண்டியதுதான். ஆனால் என்றோ ஒருநாள் வரும் அந்தப் பெரியவரைத் தினமும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு, காலையில் சக ஊழியரை வெறுந்தலையோடு ஏற்றிப் போவதுதான் நடைமுறையில் நடக்கிறது.

விபத்துக்குப் பிறகும் பின்னிருக்கைதான் ஏமாறுகிறது. வண்டி வைத்து ஓட்டுபவருக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு கட்டாயம். 2018 முதல் அது 15 லட்சம் ரூபாய். பின்னால் இருப்பவருக்கு அப்படிக் கட்டாயம் ஏதுமில்லை. வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருந்தால், இலவசமாக ஏறி வந்தவர் அதில் அடங்கமாட்டார் என்று திலக் சிங் வழக்கில் 2006இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாலிசியைப் புதுப்பிக்கும்போது பின்னிருப்பவருக்கும் உண்டா என்று ஏஜென்டைக் கேட்பதும் ஹெல்மெட்டோடு சேர்ந்த கடமைதான்.

சட்டம் பின்னிருக்கையை முழுதாக மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, கைப்பிடிக்கும் கால்மிதிக்கும் அடுத்து, பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பையும் கேட்கிறது, உடுத்திய துணி சக்கரத்தில் சிக்காமலிருக்க. சாரி கார்டு என்று நாம் சொல்வது அதைத்தான். புது பைக் வாங்கிய வாரத்திலேயே, "லுக் கெட்டுப்போச்சு" என்று மெக்கானிக்கிடம் கொடுத்துக் கழற்றிவிடும் பையன்கள் எத்தனை பேர்! அந்தப் பைக்கில்தான் ஞாயிற்றுக்கிழமை முந்தானை பறக்க அம்மா ஏறுகிறார்.

எனவே இரண்டாவது ஹெல்மெட். பல வீடுகளில் அது இருக்கத்தான் செய்கிறது. பீரோவின் மேல், கிளிப் உடைந்து, தேங்காய் எண்ணெய் வாடையோடு, ஓட்டுபவர் நாலு வருஷம் போட்டுத் தேய்த்ததாக. தொப்பி மாதிரி தலையில் சுற்றும் அது, விழும்போது தலைக்கு முன்னால் கழன்று போய்விடும். ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் மட்டும் போதாது, அளவும் பொருந்த வேண்டும். புருவத்துக்கு மேலே ஓர் அங்குலத்தில் டேப்பைச் சுற்றினால் 560, 580, 600 மில்லிமீட்டர் என்று ஏதோ ஒன்று வரும். கொண்டை போடுபவர் அதைப் பின்கழுத்துக்கு இறக்கிக்கொண்டு போட்டுப் பார்க்க வேண்டும். வாரை மாட்டித் தலையை ஆட்டினால் ஹெல்மெட்டும் கூடவே ஆட வேண்டும், தனியாக ஆடக்கூடாது. இதையெல்லாம் பார்க்க அந்தத் தலையே கடைக்கு வந்தாக வேண்டும்.

கடைக்கு எப்படிப் போவது என்று கேட்டால், பஸ்ஸில்தான். தமிழ்நாட்டில் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் காசும் கிடையாது.